குளிசை தவறவில்லை, அண்ணை

என்ரை ஆசை அண்ணை,

உங்கள் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு எழுதுகிறேன். மண்ணெண்ணெய் விற்கிற விலையில் தேங்காயெண்ணெய்ச் சிட்டி விளக்குதான். முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு முன்னம் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் மகள் வதனிக்கு மலேரியா. உங்களைப் போலவே கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்குப் போய் வந்த பிள்ளை. உங்களைப் போலவே குளிசை விழுங்கியதோடு காய்ச்சல் விட்டது. பிறகு பல் கிட்டுகிற நடுக்கத்தோடு திரும்பி வந்தது. அந்த நடுக்கத்தைக் கண்டதும் உங்கள் கடைசி நாள்கள்தான் கண்ணில் வந்தன.

போன வருஷம் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற ஐயா உங்களைக் கேட்டது நினைவிருக்கிறதா? "இடையிலை குளிசையைத் தவறவிட்டிட்டீர் போலை?" நீங்கள் எழும்பி நின்று "ஓம் ஐயா" என்றீர்கள். வீட்டுக்கு வந்து சிரித்தீர்கள். "படிச்ச மனுசனோடை என்ன வழக்கு, தங்கச்சி? ஓம் எண்டால் அலுவல் முடிஞ்சுது."

அதே குளிசையைத்தான் திரும்பவும் தந்தார்கள்; காய்ச்சல் அடங்காமலே நீங்கள் போய்விட்டீர்கள். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து ஒவ்வொன்றாக நான்தானே எடுத்துத் தந்தேன்? ஒன்றாவது தவறியதா, அண்ணை?

வதனிக்கும் நான்தான் பக்கத்தில் நின்று கொடுத்தேன். நேற்று அவர்களோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். வழியெல்லாம் பாக்கியம் அழுதாள். "குளிசைக்குக் காய்ச்சல் கேட்கேல்லை எண்டால் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவினம். ஹெலி சுத்திச் சுடுற றோட்டிலை பிள்ளையை எப்பிடியடி கொண்டுபோறது?"

ஐயா அதே கேள்வியைக் கேட்டார். பாக்கியம் தலையாட்டினாள். "ஓம் ஐ..."

"இல்லை ஐயா," என்றேன். "பிள்ளை ஒண்டும் தவறவிடேல்லை. விழுங்கினதைக் கண்டனான்."

"நீர் ஆர்?"

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீடோ, பக்கத்து ஆஸ்பத்திரியோ?"

சனம் சிரித்தது. நான் அசையவில்லை. அவர் வதனியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளிறியிருந்தது.

"குளிசைக்கு அடங்காத காய்ச்சல் இருந்தால் அறிவிக்கச் சொல்லி மேலிடத்திலை கேட்கினம். எல்லாரும் தவறவிட்டிட்டம் எண்டால் நான் என்னத்தை அறிவிக்கிறது?" என்றபடி துண்டு எழுதினார். "உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அங்கை வேறை மருந்து கொஞ்சம் இருக்கு."

பாக்கியம் என்னைப் பார்த்த பார்வை! "என்ரை பிள்ளைக்கு வழியிலை ஏதும் நடந்தால் உன்ரை முகத்திலை முழிக்கமாட்டன்." அவளின் தம்பி பிள்ளையைச் சைக்கிளில் ஏற்ற, பின்னால் இன்னொரு சைக்கிளில் அவளும் போனாள்.

நான் போகாமல் நின்றேன். "ஐயா, மேலிடத்துக்கு அறிவிக்கிறதிலை இன்னொரு பேரும் எழுத வேணும்," என்று உங்கள் பெயரைச் சொன்னேன்.

"செத்தவரை இனி எழுதி என்ன, அம்மா?"

"எழுதுங்கோ. அவர் மரியாதைக்குத்தான் உங்களுக்கு ஓம் எண்டவர்."

அவர் கொப்பியைத் திறந்தார். பிறகு எழுதினார்.

வதனியைக் கொண்டு போனவர்களைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. தெற்குப் பக்கம் ஹெலிச் சத்தம் கேட்கிறது. சந்நிதி முருகனுக்கு நேர்ந்துவிட்டு வாசல் படலையைப் பார்த்தபடி இருக்கிறேன். நான் செய்தது சரிதானே, அண்ணை?

எது நடந்தாலும் ஒன்று சொல்கிறேன். இந்த ஒழுங்கை வீடுகளில் ஆருக்குக் காய்ச்சல் திரும்பினாலும் நான் கூடப் போவேன். மரியாதைக்கு ஓம் சொல்ல இனி ஒருவரையும் விடமாட்டேன்.

உங்கள் சொல்லை முதல்தரம் மறுத்த
தங்கச்சி