முதல் பலாப்பழம்

அன்புள்ள பிள்ளைங்க அப்பாவுக்கு,

கட்டார்ல வெயில் எப்படி? குண்டசாலையில நாங்க எல்லாரும் சுகம்.

காணிக்கார ஐயா போன மாசம் தவறிட்டாரு. அவரு மகன் நம்மளைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்காரு. கண்டிக்குப் போயி லோயரைப் பார்த்தேன். காணி இன்னொருத்தரோடதுன்னு ஒத்துக்காம பத்து வருசத்துக்கு மேல இருந்திருந்தா, காணியையே கேக்கலாமாம். அங்க வீடு கட்டி பதினாறு வருசம், வாடகையும் கட்டலன்னு சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோசம்.

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். வருசா வருசம் நம்ம பலாமரத்து முதல் பழத்தை ஐயா வீட்டுல குடுப்பேன்னும் சொல்லிட்டேன். லோயர் பேனையை மூடிட்டாரு. "காணி அவரோடதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான். கோர்ட்டுல அதைச் சொல்லாதீங்க. சொன்னா, அவருக்குத் தெரிஞ்சு நீங்க கட்டின வீட்டுக்கு நட்டஈடு மட்டும்தான் கேக்கலாம்"னாரு.

என்ன செய்யலாம்னு உங்களைக் கேக்கத்தான் முந்தாநேத்து இந்தக் கடிதத்தை ஆரம்பிச்சேன். நேத்து பழம் பழுத்து வீடெல்லாம் வாசம். ஐயாவோட சம்சாரம் தனியா இருக்காங்க. கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.

திட்டுறதை வந்து திட்டுங்க. இப்ப, வீடு கட்டச் சீமெந்து வாங்கின பில்லெல்லாம் எங்க வச்சீங்கன்னு எழுதுங்க.

பிள்ளைங்க அம்மா