மேலே ஏறிய படங்கள்

மார்ச் 3, சனி

நாலு நாளாகப் போன் கேட்டுக்கொண்டிருந்த அப்டேட்டை இன்று போட்டேன். அண்ணன் வெளியூர்ப் பட்டறைக்குப் போகும்போது கொடுத்த அவனுடைய பழைய போன். நாற்பது நிமிடம் செத்ததுபோல் கிடந்தது. எழுந்தபோது எல்லாம் இடம் மாறியிருந்தது. மேலிருந்து இழுத்தால் திரைச்சீலை மாதிரி ஒன்று இறங்குகிறது. இரண்டு எழுத்து தட்டினால் மிச்சத்தை அதுவே சொல்கிறது. நான் சொல்ல வருவது அதற்கு எப்படித் தெரியும்? புது வசதிகள் பட்டியல் ஆங்கிலத்தில், பாதிதான் புரிந்தது. படங்கள் தானாகவே மேலே ஏறுமாம். மேலே என்றால் எங்கே? யாரிடம்?

மார்ச் 5, திங்கள்

சலவைக் கடையில் துணிக்கு நம்பர் குத்துவது என் வேலை. முதலாளியம்மா மகளின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பில் மேசைக்கு அடியில் கிடக்கிறது. கேட்க வாய் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது பத்துப் பத்துப் பக்கமாகப் படமெடுத்துக்கொள்கிறேன். தனியாகப் பரீட்சை எழுதப்போவது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பாஸானால் சொல்லலாம். இல்லாவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம்.

இன்று ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மேல்நோக்கி ஒரு குட்டி அம்பு. அது என்ன?

மார்ச் 6, செவ்வாய்

புத்தகத்தில் 111, 112-ஆம் பக்கங்கள் இல்லை. யாரோ கிழித்திருக்கிறார்கள்.

மார்ச் 8, வியாழன்

அண்ணன் அம்மாவிடம் பேசினான். ஸ்பீக்கரில் கேட்டது. "அவ வேலை முடிஞ்சு வந்து என்ன பண்றா?"

"போனை நோண்டிக்கிட்டு இருக்கா, வேறென்ன."

"ம்."

என்னைப் பற்றி அவன் கேட்டதே இல்லை. இப்போது எதற்கு?

மார்ச் 10, சனி

போன் ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதுல இருக்கிறது உன் அக்கவுண்ட் இல்லம்மா, உங்க அண்ணனோடது. நீ எடுக்கிற படமெல்லாம் அவருக்குப் போகுது. அவர் ஏத்தினா உனக்கும் வரும்" என்றார்.

"எடுத்துடுங்க."

"எடுத்தா நம்பரெல்லாம் போயிடும். இந்த டிக்கை மட்டும் எடுக்கிறேன். உன்னோடது இனிமே போகாது."

எழுபத்து மூன்று படம் போயிருக்கிறது. எல்லாத்தையும் பாத்திருப்பான். நான் கணக்குல ஃபெயிலானப்போ, "உனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம், விட்டுத்தள்ளு"ன்னு சித்தப்பா வீட்டுல எல்லார் முன்னாடியும் சிரிச்சவன்தானே. அதுக்கப்புறம் நான் பள்ளிக்கூடப் பக்கமே போகல. இப்ப பட்டறையில ஒவ்வொருத்தனுக்கா காட்டிக்கிட்டு இருப்பான்.

மார்ச் 11, ஞாயிறு

அண்ணன் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

மார்ச் 13, செவ்வாய்

அம்மா தன் போனை என் காதிலேயே வைத்துவிட்டாள். அண்ணன்.

"அப்டேட் பண்ணிட்டியா?"

"ம்."

"இப்ப படம் எதுவும் எடுக்கிறதில்லையா?"

"எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன். வை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசிய மாதிரிதான் இருந்தது.

மார்ச் 17, சனி

சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால், நான் எடுக்காத இரண்டு படங்கள்.

111. 112.

நல்ல வெளிச்சத்தில், நேராக, ஒரு வரிகூட வெட்டுப்படாமல். ஓரத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் நகத்தில் பச்சைப் பெயின்ட். லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவன், இந்தப் புத்தகத்துக்கு அந்த ஊரில் எங்கே அலைந்தான்? 110-க்குப் பிறகு 113 வந்ததைக்கூடவா கவனித்தான்? கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

112-இல் மூன்றாவது கணக்கு வரவில்லை. நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

டிக்கைத் திரும்பப் போட்டேன். தப்பாகப் போட்டிருந்த தாளை அப்படியே படமெடுத்தேன். மூலையில் அம்பு வந்தது.