இரண்டு மாநிலத்திலும் மனுப் போட்ட அரவிந்தனுக்கு

அன்புள்ள அரவிந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது, ஆனால் இல்லை என்று உன் பெண்டாட்டி கனிமொழி சொல்லிவிட்டதால் அதைக் கேட்காமல் மேலே போகிறேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அவள் போனுக்கு அனுப்புகிறேன், அவள் உன்னைப் படிக்க வைப்பாள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நட்டாயிற்று. மெஷின் நடவு என்பதால் வரப்போரமெல்லாம் காலியாகக் கிடக்கிறது, அங்கே கையால் நட ஆள் கேட்டால் இன்றைக்கு நாளைக்கு என்கிறார்கள். பட்டுக்கோட்டை மங்களாம்பிகை அத்தை தேங்காய் கொண்டுவந்தாள், உன்னைப் பற்றிக் கேட்டாள், வேலை போய்விட்டது என்று சொன்னேன். லீவில் இருக்கிறான் என்று சொல்லக் கூடாதா என்று அப்பாவுக்குக் கோபம். கம்பெனி ஆட்களைக் குறைத்ததற்கு நாம் எதை மறைப்பது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலை போனவர்களுக்கு அங்கே கொடுக்கும் உதவித்தொகைக்கு எங்கே மனுப் போடுவது என்று உனக்குக் குழப்பம், நியூஜெர்சியில் கொஞ்ச காலம், டெக்சாஸில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறாய். அங்கேயே விசாரித்திருக்கலாம், அப்பாவிடம் கேட்டாய். அவருக்குத் தெரிந்தது வெள்ள நிவாரணம். நம் நிலம் இங்கே பாதி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேலத்தூரில் பாதி, அதனால் சம்பா மூழ்கிய வருஷம் இந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் ஒரு மனு, அந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் ஒரு மனு கொடுத்தார், இரண்டுக்கும் வந்தது. அதே மாதிரிதான், இரண்டிலும் போடு என்றார், நீயும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டாய். இப்போது இரண்டையும் நிறுத்தி வைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று வியாழக்கிழமை போனில் விசாரிக்கப் போகிறார்களாம்.

ஒரு மாநிலத்தில் மட்டும் போட்டு, மற்றதில் வாங்கிய சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டால் போதுமாம், அந்த விவரத்தை இவர்களே அங்கிருந்து வரவழைத்துக்கொள்வார்களாம். கனிமொழி கேட்டுத் தெரிந்துகொண்டது இது. இன்னொரு மனுவை நீ வாபஸ் வாங்க வேண்டும். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்பதுதான் விசாரணையே. நீ பேசாமல் இருந்தால் தெரிந்தே ஏமாற்றப் பார்த்தாய் என்று முடிவு கட்டிவிடுவார்கள், அப்புறம் வாடகைக்கு வழியில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கப் போவது அவள். நீயோ, "என்னைத் திருடன் மாதிரி கேட்பார்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று படுத்தே கிடக்கிறாயாம். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாவம் என்று பிறகுதான் தோன்றியது.

நேற்று சாப்பாட்டின்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. கம்பெனிதான் அப்படிப் போடச் சொன்னது என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டார், பொய் வேண்டாம் என்றேன். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, "எம் பேரச் சொல்லச் சொல்லு. எங்கப்பா சொன்னாரு செஞ்சேன், அவருக்கு இந்த ஊரு சட்டம் தெரியாதுன்னு சொல்லட்டும்" என்றார். கல்யாணமான நாளாக இந்த மனிதர் தனக்குத் தெரியாது என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை, உப்பு டப்பா இருக்கும் இடத்தைத் தவிர. அவருக்கே வெட்கமில்லை என்றால் உனக்கு என்ன.

வியாழக்கிழமை போனை எடு. உள்ளதைச் சொல், கேட்டதற்கு மேல் பேசாதே. வேலை தேடிய விவரம் வாராவாரம் கொடுக்க வேண்டுமாமே, அதை விட்டுவிடாதே. எழுந்து குளி, முகத்தை மழித்துக்கொள். ஐயாறப்பர் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருப்பார்.

ஆசிகளுடன் உன் அம்மா,
ராஜாத்தி

இதன் கீழே இங்கிலீஷில் பெரிய பெரிய எழுத்தாக இருப்பது அப்பா எழுதியது, அவருடைய முழுப் பெயர். அந்த அதிகாரி தப்பில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டுமாம்.