பட்டி பிடிக்காத சுவர்

சங்ககிரி
கார்த்திகை 20

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அத்தாயி அத்தையும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை மோகன்குமாரும் குட்டியும் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இந்தக் கிழவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல நாலு முறை வாயெடுத்தேன், நாலு முறையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தை மாதம் குட்டிக்கு மொட்டை போட வருவதற்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாய், டிக்கெட் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நீ வந்து தங்க அம்மாவின் அறையை வெள்ளையாக்கலாம் என்று வேலை ஆரம்பித்தேன். அம்மா போன மறு மாதமே அதற்கு நான் பச்சை அடித்தது உனக்கு ஞாபகமிருக்கும். பட்டறையில் லாரி பாடிக்கு அடித்தது போக மிச்சமிருந்த எனாமல். நீகூடப் போனில் பார்த்துவிட்டு, ஏனுங்கப்பா, ஹாரன் அடிக்கவும்னு எழுதறதுதான் பாக்கி என்று கேலி செய்தாய். சுவரில் ஈரம் ஏறுகிறது, அதற்குத்தான் என்று ஒரு பொய் சொன்னேன். இப்போது என்னோடு பட்டறையில் இருந்த பனமரத்துப்பட்டி ஆண்டியைக் கூப்பிட்டு, வெள்ளைக்கு முன்னால் சுவரை மட்டமாக்க இதன் மேலேயே பட்டி மாவு பூசிவிடு என்றேன். அவன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, வழவழன்னு கெடக்குதுங்கண்ணா, தேய்க்காமப் பூசுனா நிக்காது, உங்களுக்கா நான் சொல்லோணும் என்றான். நான் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் லாரிக்குப் பெயின்ட் அடித்தவன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பழைய பெயின்டின் மினுமினுப்பைப் போக்காமல் ஒரு கதவில்கூட பிரஷ் வைத்ததில்லை. இந்த ஒரு சுவரில்தான் தேய்க்காமல் அடித்தேன், அதன் மேலே தேய்க்காமல் பூசவும் சொன்னேன். எப்படியாவது மூடினால் போதும் என்றிருந்தது.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பட்டி அப்பளம் அப்பளமாகக் கழன்று விழுந்தது. சரி என்று இன்னொரு தடவை பூசினான். அதுவும் விழுந்தது. இரண்டு முறையும் முதலில் விழுந்தது ஒரே இடம்தான், கதவுக்கு நேர் எதிரே, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், நான் மூன்று வருஷமாகக் காலண்டர் மாட்டி மறைத்து வைத்திருந்த இடம். பட்டியோடு பச்சையும் உரிந்து வந்துவிட, உள்ளே தேங்காய் அளவுக்கு வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை. அம்மா தலை சாய்த்து உட்கார்ந்திருந்த இடம் அது கண்ணு. அதைப் பார்த்ததும் என்னை அறியாமல், உன் அம்மாவிடம் சொல்வதுபோல, வெள்ளிக்கிழமை வந்துருவா ராசம்மா என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். சாரத்தில் நின்ற ஆண்டி திரும்பி, ஆருங்கண்ணா வாரது என்று கேட்டான். நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன்.

இதற்கு மேல் எழுதக் கை வர மாட்டேன் என்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அம்மாவுக்குத் திடீரென்று ஆகிவிட்டது என்று உனக்குச் சொன்னது பொய். ஈரலில் புற்று முற்றிவிட்டது, ஒன்றரை மாதம்தான் என்று சேலத்து டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். உனக்கு அங்கே வேலை நிரந்தரமாவதற்கான பரீட்சை நேரம், சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவாய் என்று மறைத்தேன். அது பாதிதான் காரணம். நீ நர்சு, ரிப்போர்ட்டைப் பார்த்த உடனே உனக்குப் புரிந்துவிடும், நீ அழுதால் நான் நொறுங்கிவிடுவேன் என்று பயந்தேன், அதுதான் மீதிப் பாதி. நீ கூப்பிடும்போதெல்லாம் வாயுத் தொல்லை, மாத்திரை போட்டுத் தூங்குகிறாள் என்றேன். அம்மாவிடமோ, டிக்கெட் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை வருகிறாள் என்றேன். அவள் தினமும் மருதாணியும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தலை நிறையத் தேய்த்து, அத்தையைப் பின்னிவிடச் சொல்லி, அந்தச் சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். புள்ள வாரப்ப நான் சீக்காளியாட்டத் தெரியக் கூடாதுங்க என்பாள். வெள்ளி போனதும் அடுத்த வெள்ளி என்றேன். மூன்று வெள்ளி சொன்னேன். மூன்றாவது வெள்ளிக்கு முந்தின நாள் போய்விட்டாள். நீ வந்து பதினாறாம் நாள் வரை இருந்தாயே, அப்போது அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. நர்சா இருந்தும் எனக்குத் தெரியலையேப்பா என்று நீ இப்போதும் போனில் சொல்கிறாய், அதைக் கேட்கும்போதெல்லாம் நான் கூனிக் குறுகிப் போகிறேன். உன்மேல் துளிக் குற்றமில்லை கண்ணு. உன்னை வரவிடாமல் செய்தது நான்.

இப்போது வேலை முறையாக நடக்கிறது. பச்சையைத் தகடு போட்டுச் சுரண்டி, சோடா உப்பு கலந்த சுடுதண்ணீரால் கழுவி, சொரசொரப்பாகும் வரை உப்புத்தாளில் தேய்த்து, தூசி துடைத்து, இரண்டு நாள் காயப் போட்டு, பிரைமர் அடித்து, அப்புறம்தான் பட்டி, அதுவும் மெல்லிசாக இரண்டு கை. தேய்த்ததெல்லாம் நான்தான், ஆண்டியை விடவில்லை, தோள்பட்டை கழன்றுவிட்டது. இனி விழாது. அந்த வட்டத்தை மட்டும் மூன்று தடவை கழுவியும் கறை போகவில்லை. சுடுதண்ணீர் பட்டதும் அந்த எண்ணெய் வாசம் அறை முழுக்க எழும்பியது, அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எண்ணெய் சுவரின் காரைப் பூச்சுக்குள் ஊறிவிட்டது, செங்கல் வரை கொத்தி எடுத்துப் புதுசாகப் பூசினால்தான் பட்டி நிற்கும் என்கிறான் ஆண்டி. அவன் சொல்வது சரி. ஆனால் கொத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவர் முழுக்க வெள்ளையாக, அது மட்டும் அப்படியே இருக்கிறது. கொத்துவதா வைப்பதா என்று நீ சொல்வதுதான், எனக்கு அந்த உரிமை இல்லை.

இதைப் படித்த பிறகு உனக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகலாம். நியாயம்தான். மொட்டை போட மட்டும் வந்துவிட்டு உன் மாமியார் வீட்டில் தங்கினாலும் சரி, வராமலே இருந்தாலும் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். கோபத்தை மாப்பிள்ளை மேல் காட்டாதே, அவருக்கும் எதுவும் தெரியாது. குட்டிக்குக் காதை மூடிக் குல்லா போடு. நீயும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், உங்களுக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்று மட்டும் மறக்காதே. வருவதாக இருந்தால் எந்தக் கிழமை என்று எழுது. அந்தச் சுவரிடம் ஒரு முறையாவது நிஜமான கிழமையைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
சு. காளியப்பன்