யாருடைய சாவி?

ஜிப்ரால்டர், 1858

மார்ச் 9

சாயங்காலம் சாப்பாட்டு மேசையருகே இருந்தவர்கள்: கவர்னர் ஹேலட் துரை. செயலாளர் பில்பீம். கோட்டை வாசலைப் பூட்டிச் சாவிகளைக் கொண்டுவந்து வைத்த சார்ஜென்ட் டன். சூப்புப் பாத்திரத்தோடு சமையல்காரி ஜெரோனிமா, அதாவது நான். வேறு ஒரு ஈ காக்காய் இல்லை.

டன் என் காதில் சொன்னான்: "உன் பேத்தி வாசலுக்கு வெளிய உக்காந்திருக்கா. வலி எடுத்திருச்சு."

ரூஃபினா ஸ்பெயின் பக்கம் மாமியாரைப் பார்க்கப் போனவள். வாசல் பூட்டும் பீரங்கி வெடிக்கும் நேரம் தெரிந்தும் அந்தக் கிழவி பேசிப் பேசி நிறுத்தி வைத்திருக்கிறாள். மறப்பேனா?

வெளியே பிறந்தால் பிள்ளை இந்த ஜிப்ரால்டர் பாறைக்காரன் இல்லை. வளர்ந்தபின் இங்கே ஓர் இரவு தங்கவும் அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டும்.

சூப்பைக் கீழே வைத்தேன். "துரை, வாசலைத் திறந்து விடுங்க."

"காலைப் பீரங்கிக்கு முன்னாடி திறக்கக் கூடாது, ஜெரோனிமா. இது ராணியோட சாவி."

"ராணி ஒம்போது பெத்தவங்க. அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க."

பில்பீம் இருமினான். துரை சாவிக்கொத்தை எடுத்தார். குண்டடி பட்ட காலை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

வாசலில் காவல்காரன் வழக்கம்போல் கத்தினான். "யார் வர்றது?"

"சாவி."

"யாரோட சாவி?"

'ராணியின் சாவி' என்று சொல்ல வேண்டும். தினமும் சொல்வதுதான். துரை நின்றார்.

"ஹேலட்டோட சாவி. திற."

ஏன் அப்படிச் சொன்னார்? வழக்கமானதைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

பிள்ளை வாசலுக்கு உள்ளே, காவல் அறையில், டன்னின் மேல்கோட்டின் மீது பிறந்தது. ஆண்.

மார்ச் 10

பிள்ளை பால் குடிக்கிறது.

ஏப்ரல் 22

பேச்சு லண்டன்வரை போய்விட்டது. விசாரிக்க ஒரு கர்னல் வந்திருக்கிறார். வாசலைத் திறந்ததைக்கூட மன்னிப்பார்களாம். ராணியின் கோட்டைச் சாவியைத் தன் சாவி என்றாரே, அதற்குப் பதவி போகுமாம்.

ஏப்ரல் 24

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். டன், "காத்து பலமா அடிச்சுதுங்க, காதுல விழல" என்றான். காவல்காரன், ராணியின் சாவி என்றுதான் கேட்டது என்றான். பில்பீமும் முகம் மாறாமல் அதையே சொன்னான்! என் சமையலை மாட்டுத் தீவனம் என்ற பில்பீம்! இன்றோடு அவன்மேல் இருந்த கோபத்தை விட்டேன். நான் சிலுவையில் கை வைத்துப் பொய் சொன்னேன். பாதிரியாரிடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் துரை. கர்னலே வழி காட்டினார். "காத்துல யாருக்கும் சரியா கேக்கல போலிருக்கு, சார்."

"எனக்குக் கேட்டுச்சு. சொன்னவன் நான். ராணி கூடாதுன்னதை ராணி பேரைச் சொல்லி எப்படிச் செய்யறது?"

அவ்வளவுதான். பதவி முடிந்தது.

மே 30

துரை மீசை முளைக்கும் முன் பட்டாளத்தில் சேர்ந்தவர். மனைவி இல்லை, மக்கள் இல்லை. இங்கிலாந்தில் ஒரு கதவுகூட அவருக்காகத் திறந்திருக்காது. இந்த வயதில் எங்கே போவார்?

கப்பலேறுமுன் அடுப்படிக்கு வந்தார். வந்த வருஷம் பூண்டு நாறுகிறது என்று தட்டை எறிந்தவர்.

"அங்க எனக்கு யாரு பூண்டு சூப்பு வைப்பா?"

நான் திரும்பவில்லை.

"கோபமா?"

"நாலு பேர் உங்களுக்காகப் பொய் சொன்னோம். வாயை மூடிட்டு இருந்திருக்கலாமில்ல?"

"நல்ல பொய்தான், ஜெரோனிமா. எனக்குத்தான் வாய் வரல."

போய்விட்டார். பிறகுதான் துறைமுகத்துக்கு ஓடினேன். பாய்மரம்தான் தெரிந்தது.

ரூஃபினாவின் மாமியார் நேற்று கோழியோடு வந்தாள். போகட்டும், மன்னித்துவிட்டேன். பில்பீமும் தப்பினான். ஒருவரை மட்டும் நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை.

ஆம்ப்ரோஸ் ஹேலட்.