இரண்டு வருடப் பெட்ரோல்

கண் மங்கியதிலிருந்து பழனிவேலின் கார் ரெட்டிபாளையம் வீட்டு ஷெட்டிலேயே நின்றது. நேற்று, “எனக்கு நல்லாத்தான் தெரியுது, நானே ஓட்டுவேன்” என்று கத்தினார். அதன்பின் பேச்சில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்முன், அவர் மனைவி அனுசுயா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

“ஏங்க, மெக்கானிக் பதினோரு மணிக்கு வருவாரு. ரெண்டு வருஷமா கெடக்குற பெட்ரோல் கெட்டுப்போச்சு, முழுசா எடுத்துடுவாரு. அப்ப பக்கத்துல சிகரெட் பத்த வெக்காதீங்க. பழைய பெட்ரோல் கேனை அவரையே கொண்டுபோகச் சொல்லுங்க. ரசத்தச் சுட வெச்சுக்குங்க. கண்ணு தெரியலன்னு நான் சொன்னது தப்பு. புது பெட்ரோல் ஊத்துனதும் அரியலூர் வரைக்கும் நீங்களே ஓட்டிப் பாருங்க.”

ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்: “கோவத்துல பட்டினி கெடக்காதீங்க.”

தெருமுனைவரை போனவள், டிபன் பாக்ஸை மறந்தது நினைவு வந்து திரும்பினாள். பழனிவேல் ஜன்னலருகே தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தார். தாள் தலைகீழாக இருந்தது.

காலடிச் சத்தம் கேட்டதும், “படிச்சுட்டேன், நீ கெளம்பு” என்றார்.

அனுசுயா தாளை வாங்கி உரக்க வாசித்தாள். ‘அரியலூர் வரைக்கும்’ என்ற இடத்தில் குரல் நின்றது.

“அப்புறம்?”

“நான் ஓட்டக் கத்துக்கறேங்க. நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க.”

வெளியே அவளுடைய பஸ் ஹாரன் அடித்துப் போனது. அவர் சுவரைத் தடவி நாற்காலியில் உட்கார்ந்தார். இடது காலைத் தரையில் அழுத்தி மெல்ல எடுத்தார்.

“கிளட்ச்ச மெதுவா விடணும்” என்றார் பிறகு.