மே-யும் கீ-யும்

மார்ச் 3, செவ்வாய்
ஆய்வகத்தில் ஏசி மறுபடி ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். கல்லின் வயது பார்க்கும் எந்திரத்தில் சொட்டாமல் இருந்தால் சரி. எட்டு மாத வேலை. பெரிய தீவின் இரண்டு கற்களுக்கும் நாளை வயது தெரிந்துவிடும்.

மார்ச் 4, புதன்
தலைகீழ்!

கடலடி நெருப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் கடல்தளம்தான் மேற்கே நகர்கிறது. நெருப்புக்கு நேர் மேலே எரிமலை கக்கிக் கக்கி ஒரு தீவு எழும். தளம் அதை இழுத்துக்கொண்டு போனதும் அடுத்த தீவு முளைக்கும். அப்படித்தான் வரிசை. மேற்கே போகப் போக வயது கூட வேண்டும். எனக்கோ ‘மே’ என்று எழுதிய பை ஒன்பது லட்சம் வருடம், ‘கீ’ பை பதினாலு லட்சம். மேல்திசைக் கரை இளசு, கீழ்த்திசைக் கரை கிழமா? யாரிடம் சொல்வேன் இதை?

மார்ச் 5, வியாழன்
ஆய்வகத் தலைவர் கேட்டார்: “எந்திரம் தப்பா, நீங்க தப்பா? திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா எல்லாக் கல்லையும் முதல்லேருந்து பாக்கணும். அதுக்கு வேற ஆள்.” என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

பயத்தில் உளறிவிட்டேன் — “சுத்தியல் பையை மாத்திப் போட்டிருப்பார் சார்.” சுத்தியல் என்று எல்லோரும் கூப்பிடும் என் கூட்டாளி. எனக்குக் கால் சுளுக்கியதால் தீவில் தனியாக மலை ஏறிக் கல் எடுத்தவர். இப்போது கடலில் இருக்கிறார், ஃபோன் கிடைக்காது. இல்லாத மனுஷன்மேல் பழி போட எப்படித்தான் வாய் வந்ததோ.

மார்ச் 6
தூக்கமில்லை.

மார்ச் 8, ஞாயிறு
தைத்துக்கொண்டிருந்த இவரிடம் புலம்பினேன். “ஊசி ஒரே இடத்துலதான் குத்துது, துணிதானே ஓடுது? முதல்ல போட்ட தையல்தான் தூரத்துல நிக்கும். இதுல என்ன குழப்பம்?” டெய்லரைக் கட்டிக்கொண்டால் பூமியும் துணிதான். பையின் படத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். “மே-ன்னா மேல் துணி, கீ-ன்னா கீழ்த் துணி. நான் தினமும் சாக்பீஸ்ல எழுதுறதுதானே?”

சாயங்காலம் கப்பலின் சாட்டிலைட் ஃபோனில் சுத்தியலுக்கு லைன் கிடைத்தது.

“ஆமாக்கா, பாறையோட மேல் அடுக்கு, கீழ் அடுக்கு. ஒரே பாறைதான். மேற்குன்னு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்! முதலில் வழிந்தது அடியில், பிறகு வழிந்தது மேலே. அடி கிழம், மேல் இளசு. வயது மிகச் சரி. பக்கத்துத் தீவுகளோடும் பொருந்துகிறது. அப்பாடா! சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. “இனிமே நான் பாதி விஞ்ஞானி” என்று இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். தொலையட்டும்.

மார்ச் 9, திங்கள்
“எந்திரம் சரி, பையும் மாறல. தப்பாப் படிச்சது நான் சார். அவர்மேல பழி போட்டதும் நான்தான்.” தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “இனிமே முழு வார்த்தையா எழுதுங்க, ரெண்டு பேரும்” என்றார்.

மார்ச் 15
சுத்தியல் கரைக்கு வந்தார். பழி போட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கக்கா, நான் எழுதினதும் அரைகுறைதானே” என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு
ஒப்பந்தத்தை நீட்டிக்கும் ஆணை வெள்ளியன்றே வந்துவிட்டது, இன்னும் மூன்று வருடம். இன்று ஒன்பதரை வரை தூங்கினேன்.